கஞ்சித் துணியில் வடித்த தூள்

காலையில் அரிவாள்மணையில் விரலைக் கீறிக்கொண்டேன். பெராக்சைடை ஊற்றியதும் காயம் வெள்ளையாகப் பொங்கியது. மேலே பேண்டேஜ் துணியைச் சுற்றும்போது உன் நினைப்பு வந்து சிரித்துவிட்டேனடி. என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊர் மடவார் வளாகத்திலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையம் வருவேன். கூடப் படித்த நீ எனக்கு முன்பே வந்து, கல்லூரி ஆய்வகத்தில் உலையைப் போட்டிருப்பாய். தாமிரமும் மாங்கனீசும் கலந்த ஆக்சைடுத் தூள்தான் நம் ஆராய்ச்சி. பெராக்சைடில் போட்டால் எது வேகமாகக் குமிழி கிளப்புகிறதோ அதுவே நல்ல வினையூக்கி. ஒருநாள் நான் செய்த தூள் பேய் பிடித்த மாதிரி பொங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். சோம்பேறித் தூளாகவே வந்தது.

அமிலத்தில் கரைத்து அளந்து பார்த்தால் எல்லாவற்றிலும் தாமிரம் ஒரே அளவு. "திரும்ப வராததை ஆய்வேட்டுல சேர்க்க முடியாதும்மா" என்றார் நமக்கு வழிகாட்டியாக இருந்த சார். அதை விட்டால் என்னிடம் வேறு சரக்கில்லை. அப்பாவோ, "இந்த வருசத்தோட படிப்பு போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ஊர்க் கோயில் வைத்தியநாதருக்கு நேர்ந்துகொண்டேன். நீ சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, ஆனாலும் அவருக்குத்தான் பரிந்து பேசினாய். "ஏட்டி, அவர ஏன் இழுக்க? அன்னைக்கு என்ன செஞ்ச, ஒண்ணுவிடாமச் சொல்லு."

சொன்னேன். வடிதாள் தீர்ந்துபோயிருந்தது, சூடான கிண்ணத்தைப் பிடிக்க உன் வீட்டுத் தறியிலிருந்து நீ கொண்டுவந்திருந்த பேண்டேஜ் துணியில்தான் வடிகட்டினேன் என்றேன். நீ எழுந்தே நின்றுவிட்டாய். "அடிப்பாவி! அது வெளுக்காத துணிட்டி. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அம்புட்டும் அதுலதான இருக்கும்!"

துணியிலிருந்து இறங்கிய கஞ்சி தூளோடு உலையில் எரிந்து தாமிரத்தை மேலே இழுத்து வந்திருக்கிறது. மறுபடி அதே துணியில் வடித்தோம்; பொங்கியது. சென்னைக்கு அனுப்பிச் சோதித்தார் சார். மேற்பரப்பில்தான் தாமிரம் கூடியிருந்தது. வினை நடப்பதும் அங்கேதானே!

ஆய்வேட்டில் கஞ்சித் துணி என்று எழுதக் கூசி, 'மாவுச்சத்துச் சேர்க்கப்பட்டது' என்று நாசூக்காக எழுதினேன். பேனாவைப் பிடுங்கினாய். "எங்க வீட்டுத் துணின்னா எளப்பமா? உள்ளத எழுதுட்டி. நாளைக்கு எவளாவது செஞ்சு பாத்து, வராம அழுதா யாரு பதில் சொல்ல?" உள்ளதை எழுதினேன். பட்டமும் வந்தது, கல்யாணம் அதற்குப் பிறகுதான்.

அன்றோடு நாசூக்காக எழுதுகிற பழக்கத்தைக் கெடுத்துவிட்டாய். ஆகவே உள்ளதையே எழுதுகிறேன். நீ எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததில் கோபம்தான். ஆனால் உன்னோடு கழிந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு நிறைந்துவிடுகிறது, ஏட்டி.