செம்பருத்திக்கு ஒரு சீட்டு

என் அருமை வாலுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நாற்றுப் பண்ணைக்குப் போய் வருகிறேன். நேற்று இரண்டு தம்ளரில் டீ போட்டுவிட்டு இரண்டையும் நானே குடித்தேன். வீணாக்கினால் உன் அம்மா திட்டுவாள் என்ற பயம் இன்னும் போகவில்லை.

அம்மா போன பிறகு பண்ணையில் அவள் பார்த்துவந்த பாத்திகளுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். பாத்தியில் குத்தும் பெயர்ச்சீட்டு எழுதுகிறவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்பாளே, சரிதான். என் கை பட்டதில் பாதி அழுகிவிட்டது. அந்தச் செம்பருத்தி மட்டும் என்னையும் மீறிப் பிழைத்துக்கொண்டது. சிவப்புச் செடியில் ஒரே ஒரு கிளையில் ஓரம் வெளுத்த பூ பூத்ததென்று போனில் சொன்னாளே, அதுதான். அந்தக் கிளையை வெட்டி வெட்டி நட்டு ஒரு பாத்தியே ஆக்கியிருக்கிறாள்.

பார்க்க வந்த தோட்டக்கலை அதிகாரி இது ஒரு 'கல்ட்டிவர்' என்றார். ஏதோ நோயாக்கும் என்று முழித்தேன். காட்டில் தானாக உண்டாவது வேறு, மனுஷன் பொறுக்கியெடுத்துக் குணம் மாறாமல் வளர்த்துவரும் ரகம் இது என்றார். வளர்ப்பு, ரகம் என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை வெட்டி, நூறு வருஷம் முன்னால் ஒரு செடி ஆராய்ச்சிக்காரர் ஒட்டுக்கட்டியதாம். இதன் விதையைப் போட்டால் இதே பூ வராது, கிளையை நட்டால்தான் வரும் என்றார். அந்தக் கணக்கில் நீ விதையில் வந்தவள். அதனால்தான் என் மூக்கு உனக்கு வந்து சேர்ந்தது, பாவம்.

இந்த மாதிரி ரகத்துக்குப் பெயர் வேண்டுமாம். முதலாளி, "உங்க வீட்டம்மா பேரையே வச்சிடுங்கண்ணே, உங்க கையாலயே எழுதிடுங்க" என்றார். நல்ல மனசு. எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது. பாத்தியில் குனிந்த பிறகுதான், அவள் பெயரை மண்ணில் குத்த வேண்டும் என்பது உறைத்தது. அவளை மண்ணில் வைத்தது ஒருமுறை போதாதா. அழுகையெல்லாம் வரவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து டீ போட்டேன்.

மழை பிடித்ததும் செடிகள் கடைகளுக்குப் போய்விடும். சீட்டில்லாமல் போனால் அதுவும் ஒரு செம்பருத்தி, அவ்வளவுதான்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும், நானே குத்திவிடுவேன். அதுவரை அந்தச் சட்டையைத் துவைக்கப் போடப்போவதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

அப்பா