மட்கார்டில் வெள்ளைக் கோடு

பிராட்ஃபோர்டு, யார்க்‌ஷயர்
12 நவம்பர் 1984

மதிப்பிற்குரிய திரு. ஹேடோ அவர்களுக்கு,

நாம் அறிமுகமில்லாதவர்கள். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது உங்கள் பழங்கார் சங்கத்துப் பத்திரிகை கையில் கிடைத்தது. ‘குடும்பப் படத்தில் கார் இருக்கிறதா? அனுப்புங்கள், வருடம் சொல்கிறோம்’ என்று உங்கள் முகவரியைப் போட்டிருந்தார்கள். பல்வலியோடு குறித்துக்கொண்டேன்.

இத்துடன் இருப்பது ஃபோட்டோ பிரதி போடும் மருந்துக்கடையில் எடுத்த நகல். மூலப்படத்தைத் தபாலில் விட மனம் வரவில்லை. ஒரு கார், அதன் முன்னால் ஒருவர், அவர் கையில் துணியில் சுற்றிய கைக்குழந்தை. தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை. சிறுமியாக இருந்தபோது இதை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கி, “அது உன் மாமாடி. கையில இருக்கறது அவன் பையன் லெஸ்லி” என்றாள். லெஸ்லி பிறந்தது 1936. இன்று மாமாவும் இல்லை, லெஸ்லியும் இல்லை, போன வருடத்திலிருந்து அம்மாவும் இல்லை.

நான் பிறந்தது 1941 மார்ச்சில். நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ஓடிப்போனார், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். இப்போது அந்த அப்பா, பிரிட்லிங்டனில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து எழுதியிருக்கிறார். எழுபத்தாறு வயதாம். ‘ஒரே ஒரு நாள் முதலாளியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன் மகளே. உன்னைக் கையில் வாங்கினேன். உன் மாமா படம் எடுத்தான். அதற்குப் பிறகு உன் அம்மா கதவைத் திறக்கவே இல்லை’ என்கிறார். சாவதற்குள் என்னைப் பார்க்க வேண்டுமாம்.

இருவரில் ஒருவர் சொல்வது பொய். படம் 1936 என்றால் குழந்தை லெஸ்லி, அப்பா புளுகர். 1941 என்றால் குழந்தை நான். பஸ் டிப்போ கான்டீனில் என்னோடு வேலை செய்யும் மேவிஸ்தான் சொன்னாள்: “அந்தக் கார்க்காரர்கிட்ட கேளுடி. மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க, கார் எதுக்குச் சொல்லப்போவுது?”

பதிலுக்குத் தபால்தலை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எனிட் டார்டாஃப்


ஸ்வாஃபம், நார்ஃபோக்
19 நவம்பர் 1984

அன்புமிக்க செல்வி டார்டாஃப் அவர்களுக்கு,

உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. இது ‘மாரிஸ் எட்டு’ என்ற கார், அதில் முதல் மாதிரி. ரேடியேட்டரின் வடிவம் ஒன்று போதும். அதற்கு மேல் கம்பிச் சக்கரம் வேறு சாட்சி சொல்கிறது. அடுத்த மாதிரியில் சக்கரம் தகடாகிவிட்டது. ஆகவே 1934 கடைசியிலிருந்து 37க்குள் வந்த வண்டி.

பெயின்டைப் பாருங்கள், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஐந்து குளிர்காலத்துச் சேறும், பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் தின்ற கார் இப்படி இருக்காது. படம் 1936. ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் போகாது. பதினோரு வருடத்தில் நானூறு படத்துக்கு மேல் பார்த்துவிட்டேன், இதுவரை ஒன்றிலும் தவறியதில்லை.

உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. நீங்கள் எந்தப் பதிலை எதிர்பார்த்தீர்களோ தெரியாது. வருத்தமென்றால் மன்னியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சிரில் ஹேடோ


பிராட்ஃபோர்டு
26 நவம்பர் 1984

அன்புள்ள திரு. ஹேடோ,

மிக்க நன்றி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நாற்பத்து மூன்று வருடமாக இல்லாத அப்பா, இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி இல்லாமல் போனார். அதற்கு எதற்கு அழுகை? எனக்கே சிரிப்பாக வந்தது.

அன்று மாலையே அவருக்கு ஒரே வரி எழுதிப் போட்டேன்: ‘நீங்கள் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது, இனி எனக்கு எழுத வேண்டாம்.’ மேவிஸ், “அடிப்பாவி, கெழவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சேத்துப் போட்டிருக்கக் கூடாதா?” என்று திட்டினாள். போடவில்லை. நான் அம்மா வளர்த்த பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்றில்லை. எழுதினால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வேலை விட்டு வந்தால் வீட்டில் பேச ஆளில்லை, கெட்டில் ஒன்றுதான் சத்தம் போடுகிறது.

அன்புடன்,
எனிட்


ஸ்வாஃபம்
18 டிசம்பர் 1984

அன்புள்ள எனிட்,

நான்கு வாரத்தில் இது எனது ஐந்தாவது கடிதம். எண்ணிப் பார்த்து எனக்கே வெட்கம். என் மனைவி ஐவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. கிழவன் ஒருவன் தனியாக உட்கார்ந்து ஒற்றை உருளைக்கிழங்கை வேகவைப்பது எவ்வளவு அபத்தம் தெரியுமா? ஒன்றுக்கும் ஆறுக்கும் ஒரே அடுப்பு, ஒரே நேரம். உங்கள் கடிதம் வரும் நாளில் ரேடியோவை நிறுத்திவிடுகிறேன், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

டிப்போ மேலாளர் சூப்பில் பொய்ப்பல்லைத் தொலைத்த கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “சிரில், ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். நான் சிரித்து அவ்வளவு நாளாகிவிட்டது போலிருக்கிறது.

ஒரு விண்ணப்பம். சங்கத்து ஆல்பத்தில் உங்கள் மாரிஸை ஒட்டி வைக்க ஆசை. மூலப்படத்தை அனுப்புவீர்களா? நல்ல பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
சிரில்


பிராட்ஃபோர்டு
1 பிப்ரவரி 1985

அன்புள்ள சிரில்,

இதோ மூலப்படம். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். உங்கள் மேல் சந்தேகமில்லை, தபால்காரர் மேல்தான். மருந்துக்கடைக்காரன் ஓரங்களை இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறான், மூலத்தில் கார் முழுசாக இருக்கிறது.

எல்லாரும் தூக்கிப்போட்ட படத்துக்கு நீங்களாவது ஓர் இடம் தருகிறீர்கள். வசந்தத்தில் நார்ஃபோக் பக்கம் வரலாமா என்று ஓர் எண்ணம். நான் வந்தால் உருளைக்கிழங்கு இரண்டு போடுவீர்களா?

அன்புடன்,
எனிட்


ஸ்வாஃபம்
9 பிப்ரவரி 1985

அன்புள்ள எனிட்,

படம் நாலாம் தேதியே பத்திரமாக வந்தது. இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இங்கே ஒரே பனி, வெளிச்சம் போதவில்லை. வெயில் வரட்டும்.

பக்கத்து வீட்டுப் பூனை என் ஷெட்டில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. நீங்கள் வருவதென்றால் ஏப்ரல் நல்லது. உருளைக்கிழங்கு எத்தனை வேண்டுமானாலும்.

அன்புடன்,
சிரில்


ஸ்வாஃபம்
27 பிப்ரவரி 1985

அன்புள்ள எனிட்,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது தாள்.

போன கடிதத்தில் பொய் சொன்னேன். படம் வந்த அன்று மாலையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். நகலில் வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மட்கார்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு. ஃபுட்போர்டு நெடுக வெள்ளைப் பூச்சு. ஒரு ஹெட்லைட்டுக்குத் தகரமூடி, அதில் கீறல் அளவு வெளிச்சம் போக வழி. குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து ஊரையே இருட்டாக்கிய போர்க்கால இருட்டடிப்பில் எல்லா வண்டிக்கும் போட்ட உத்தரவு அது. இன்னொரு விளக்கில் பல்பைக் கழற்றினால் போதும், மூடி வேண்டாம். நகலில் இருந்தது மூடியில்லாத அந்த விளக்குதான்.

போர் தொடங்கியது 1939 செப்டம்பரில். அப்போது லெஸ்லிக்கு மூன்று வயது முடிந்திருக்கும், துணியில் சுற்றிக் கையில் ஏந்துகிற வயதில்லை. எனிட், அந்தக் குழந்தை நீங்கள்தான். உங்கள் அப்பா சொன்னது உண்மை.

‘இந்த வருடத்துக்கு முன்னால் இல்லை’ என்றுதான் கார் சொல்லும். ‘பின்னால் இல்லை’ என்று ஒருநாளும் சொல்லாது. சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் இது. யாரோ ஒரு முதலாளி ஆசையாகத் துடைத்து வைத்த பெயின்டைப் பார்த்து, என் பாடத்தை நானே மறந்தேன்.

ஏன் உடனே எழுதவில்லை? தவறியதே இல்லை என்று பீற்றிக்கொண்ட வெட்கம் ஒரு பக்கம். அது சின்னது. இதைச் சொன்னால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்று பயந்தேன். அதுதான் நிஜம். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று மூன்று வாரம் போய்விட்டது.

உடனே பிரிட்லிங்டன் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சிரில்


பிராட்ஃபோர்டு
14 மார்ச் 1985

திரு. ஹேடோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கிளம்பினேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். கேக் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

“நீங்க எனிட்தானே? மூக்கப் பாத்தாலே தெரியுது. போன மாசம் பத்தொம்பதாம் தேதி போயிட்டாரும்மா. அடக்கமும் ஆயிடுச்சு” என்றாள்.

உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்து, ஓர் உறையைக் கையில் வைத்தாள். என் கையெழுத்து.

“இது எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும். ‘எம் பொண்ணு எழுதியிருக்கா’ன்னு எல்லார்கிட்டயும் காட்டுவாரு, உறைய மட்டும். படிக்கக் கேட்டா தரமாட்டாரு. அப்படி என்ன ரகசியம் எழுதியிருக்கான்னு நாங்க கேலி பண்ணுவோம்.”

அந்த ஒரு வரியைத்தான் காட்டாமல் வைத்திருந்தார். மூன்று மாதமாக என் மானத்தை அவர் காப்பாற்றியிருக்கிறார்.

நீங்கள் தப்பாகச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. தப்பு எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. நாலாம் தேதிக்கும் பத்தொன்பதாம் தேதிக்கும் நடுவில் பதினைந்து நாள் இருந்தது, சிரில். எனக்கு ஒரு நாள் போதுமே.

உங்களுக்கும் அதே வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அது ஒரு மனிதரை என்ன செய்யும் என்று இப்போது தெரியும். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அதில் இருப்பது நானும் என் அப்பாவும்.

எனிட் டார்டாஃப்


ஸ்வாஃபம்
2 ஏப்ரல் 1985

அன்புள்ள எனிட்,

படத்தை மார்ச் 26 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை இன்று வந்தது. அதில் தேதியும் உங்கள் கையெழுத்தும் இருக்கின்றன. மூலையில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை.

சங்கத்துக்குச் சொல்லிவிட்டேன், இனி யாருக்கும் வருடம் சொல்வதில்லை என்று. பூனைக்குட்டிகள் கண் திறந்து ஓடுகின்றன.

அட்டையைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் கேட்டார்: “என்ன சார், நல்ல சேதியா?”

“வேண்டியவங்க எழுதியிருக்காங்கப்பா” என்றேன். அட்டையை அவருக்குக் காட்டவில்லை.

அன்புடன்,
சிரில்