இடிக்காத அடுப்படி

சேசு மரி சூசை
ஜார்ஜ் டவுன்
3.3.1926

அன்புள்ள ஹாஜரா அக்காவுக்கு சவுந்தரம் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் தாங்களும் தோட்டமும் சுகந்தானே?

தங்கள் பெயருக்கு முனிசிபாலிட்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. குடியிருக்கிற நாங்கள் பின்கட்டில் போட்ட அடுப்படிக்குப் பிளான் இல்லையாம், இரண்டு வாரத்துக்குள் இடிக்க வேண்டுமாம். தங்களைக் கேட்காமல் கட்டியது நாங்கள். பொறுப்பு மட்டும் வீட்டுச் சொந்தக்காரருக்காம். இது எந்த ஊர் நியாயம் என்று இவரிடம் சண்டை போட்டேன். "சட்டம் அப்படித்தான்லா" என்கிறார்.

இவர் அன்றே இடிக்கக் கிளம்பினார். நான்தான் மறித்தேன். மகள் ஐரீனுக்கு ஏழாம் மாதம். முந்திய இரண்டும் தங்கவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளை வேறு வீட்டுக்கும் அனுப்ப முடியாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் எப்படி அக்கா கடப்பாரை எடுப்பது? கோயில் சாமியார் கேட்டால் மூடநம்பிக்கை என்று திட்டுவார். திட்டட்டும். ஆனால் இடிக்காவிட்டால் தங்களை அல்லவா கோர்ட்டில் நிறுத்துவார்கள்! பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்கள் இடி என்றால் இடித்துவிடுகிறோம்.

தங்கள் அன்பு,
சவுந்தரம்

786
பாலிக் புலாவ்
9.3.1926

தங்கச்சி சவுந்தரத்துக்கு ஹாஜரா துஆவுடன் எழுதியது.

கடிதம் கண்டதும் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் கட்டியதற்கு நேரில் வந்து உன் காதைத் திருகுகிறேன். அது தனி.

இடிக்காதே. எங்கள் வீடுகளிலும் சூலி இருந்தால் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டோம். வாடகை என் பெயருக்கு வந்தால் இனிக்கும், நோட்டீஸ் வந்தால் கசக்குமா? கோர்ட்டுக்கு நானே வருகிறேன். ஐரீனிடம் மூச்சு விடாதே. மாங்காய் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு மட்டும்; உன் புருஷன் ஹென்றிக்கு இல்லை.

ஹாஜரா

ஜார்ஜ் டவுன்
17.4.1926

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றிலிருந்து கோர்ட்டே கண்ணுக்குள் நிற்கிறது. "கட்டினது நான், இந்தம்மா இல்லை" என்று இவர் எழுந்து சொன்னார். "இடிக்கச் சொல்லி உத்தரவு யாருக்கு?" என்று மாஜிஸ்திரேட் துரை கேட்டார். தாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்குத்தான் தொரை. இடிக்காதேன்னு சொன்னதும் நான்தான். வயித்துல புள்ள இருக்கு. பொறக்கட்டும், இடிச்சிர்றோம்" என்றீர்களே! அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று துபாஷி திருதிருவென்று விழித்தார்.

துரை அபராதமும் போட்டார், பிரசவம் வரைக்கும் தவணையும் கொடுத்தார். அபராதத்தை இவர் கட்ட வந்தபோது கையைத் தட்டிவிட்டீர்கள். கூடப்பிறந்தவள்கூட எனக்காகக் கூண்டேறியிருக்க மாட்டாள் அக்கா. இந்த நன்றியை நான் எங்கே கொண்டு வைப்பேன்? காதைத் திருக மட்டும் மறந்துவிட்டீர்கள்.

சவுந்தரம்

சேசு மரி சூசை
ஜார்ஜ் டவுன்
28.5.1926

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் ஆயிற்று.

துரைக்குக் கொடுத்த வாக்குப்படி இன்று காலை இவர் கடப்பாரையை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் குழந்தை திடுக்கிட்டு வீறிட்டாள். ஐரீன் பதறித் தூக்கினாள். இவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "இடிக்கிற சத்தத்தைவிட இவ சத்தம் பெருசுலா!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் அழுதுவிட்டேன்.

சுவர் இன்னும் நிற்கிறது. குழந்தை தூங்கியதும் இடிப்பார். தாங்கள் வந்து அவள் அழுவதை ஒருமுறை கேட்க வேண்டும், அக்கா.

என்றும் தங்கள்,
சவுந்தரம்