சொல்லாமல் காலி செய்த அறை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவின் இருமல் நின்றதா?

அறை மாறிவிட்டேன். நான் பக்கத்திலேயே இருந்தால்தான் பட்டறை ஓடும் என்று முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் மூன்று முறை போனேன். முதல் முறை குழாயைச் சரிசெய்தேன், அடுத்த முறை தாழ்ப்பாளை. மூன்றாம் முறை டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டார். அப்புறம் எப்படிச் சொல்வது? அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியோடு கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள் பட்டறைக்கே வந்துவிட்டார். நாற்பது பேர் பார்க்க, “எங்கடா போய்த் தொலைஞ்சே? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடிட்டு வரேன்! போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?” என்றார். நான் விடுவேனா? “தப்புதாம்மா” என்று சிங்கம் மாதிரி சொன்னேன்.

புது அறையில் ராஜ வாழ்க்கை. சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொந்தரவு செய்யக்கூட ஆள் இல்லை. நீ மட்டும் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடு. அந்தம்மா வாங்கி வைப்பார், ஞாயிற்றுக்கிழமை நான் போய் எடுத்துக்கொள்வேன். மாதம் ஒன்று போதாது அக்கா, வாரம் ஒன்று எழுது.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் தம்பி