காம்பு வைத்த சுருட்டு

பிழை விட்டேன் என்றாலும் முதலில் சிரித்துவிடுகிற அப்பாவுக்கு,

எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் நீங்கள் வேலை செய்த சுருட்டுக் கொட்டிலை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பெரிதாக நினைக்காதீர்கள், ஒரே அறைதான். உங்கள் பலகை, கத்தி, சுவரில் நாலு படம். ஊர் திரும்பிய சனம் பூசை முடிந்து வந்து பார்க்கிறது. உள்ளே வந்ததும் எல்லோரும் மூக்கை உறிஞ்சுகிறார்கள். அந்த வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் சட்டை வாசம்.

அறைக்கு ஏசி பூட்டியது நான். நீங்கள் சுருட்டிய கடைசிச் சுருட்டுக் கட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் நான்தான். அம்மா கடல் கடந்து மண்டபம் அகதி முகாமுக்குக் கொண்டுபோய், நீங்கள் அங்கேயே கண்மூடிய பிறகு, திரும்பக் கொண்டுவந்த கட்டு. பூஞ்சணம் பிடிக்கும் என்று காற்றில் இருந்த ஈரம் முழுவதையும் எடுத்துவிட்டேன். இலைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும் என்று யோசிக்கவில்லை. என்ன படிப்புப் படித்தேனோ. மூன்றாம் வாரம் ஒரு சுருட்டு நீளத்துக்கு வெடித்தது.

உள்ளே காம்பு, அப்பா. இலை இருக்க வேண்டிய இடத்தில் பொடிப்பொடியாக நறுக்கிய புகையிலைக் காம்பு.

முகாமில், "உன்ர கொப்பர் காம்புச் சுருட்டுக்காரன்தானே" என்று உங்களைச் சொன்னவனின் பல்லை உடைத்தேனே. நீங்கள் என்னை அடிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை?

அறையைப் பார்த்துக்கொள்கிற அக்கா, "வெடிப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி விடுவமோ, தம்பி?" என்றார். உங்கள் பேர் கெட்டுவிடும் என்று நானும் தலையாட்டப் பார்த்தேன். மனம் கேட்காமல் அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"ஓம், காம்புதான். நான்தானே வெட்டிக் குடுத்தனான்."

"மெல்லக் கதையுங்கோ, அம்மா."

"ஏன் மெல்ல? சண்டையில பாதை பூட்டி யாழ்ப்பாணத்து இலை வரேல்ல. கடலுக்குப் போறவங்கள் வாசல்ல வந்து நிக்கிறாங்கள். பாதி காம்பு, குடிச்சா இருமும் எண்டு சொல்லித்தான் கொப்பர் குடுத்தவர். நீ பல்லை உடைச்சியே, அவன்ர தேப்பன்தான் எல்லாரையும் விடக் கூட வாங்கினவன்."

அக்கா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

ஏசியைக் குறைத்துவிட்டேன். வெடிப்பு ஆட்கள் பார்க்கிற பக்கமே இருக்கும். கீழே நானே எழுதுவேன்: பாதை பூட்டிய நாளில், வாங்கியவர்களிடம் சொல்லிச் செய்த காம்புச் சுருட்டு. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வெட்டினது முதல், சுருட்டினது பிறகு. என்ர பேரை மேல போடு" என்கிறார்.

மேலே அம்மாவின் பெயர், அடுத்து உங்கள் பெயர். இதில் ஒரு எழுத்தையும் ஒருவரும் அழிக்க விடமாட்டேன்.

உங்கள் இருவருக்கும் பிறந்த
கோபக்கார மகன்