தாய்மாமன் தட்டில் தேனீ விஷக் கிரீம்

ஆவணி 9, செவ்வாய்
காலையிலிருந்தே வெக்கை. மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. மதுரை கே.கே. நகர் அக்கா வீட்டில், அவள் மகள் செல்வி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் இறக்கியாயிற்று. இருபத்தொரு தட்டு. (ஊரில் முப்பத்தொன்று என்று சொல்லியிருக்கிறேன்.) பட்டு, பழம், வளையல். நடுத்தட்டில் தேனீ விஷக் கிரீம். பூசினால் முகம் மின்னுமாம். "நம்ம பெட்டித் தேனீதான் சம்பந்தி. நானே விஷம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புனது" என்று அடித்துவிட்டேன். வாங்கியது மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில். சம்பந்தி வாயைப் பிளந்தார்.

புதன்
உசிலம்பட்டி. தேனீப் பெட்டிகளுக்குச் சீனிப்பாகு வைக்கணும். வைக்கவில்லை.
வீட்டுக்காரிக்கு வாங்கிய அதே கிரீம், இன்னொரு டப்பா. அட்டை முழுக்க இங்கிலீஷ். மெடிக்கல் கடைக்காரனிடம் நீட்டினேன்.
"தேனீ கொட்டுனா ஒத்துக்காதவுக இதத் தொடவே கூடாதாம்ணே."
செல்விக்கு ஆறு வயதில் நடந்தது. புகை போடாமல் வெறுங்கையால் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று பீற்றினேன். ஒரே கொட்டு. உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. ரெண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்டுத்தான் பிழைத்தாள். இவளுக்குத் தேனீ ஆகவே ஆகாது என்றார் டாக்டர். அக்காவிடம் கம்பளிப்பூச்சி என்றேன். இன்றுவரை கம்பளிப்பூச்சிதான். செல்விக்குச் சரியாக நினைவில்லை. உண்மை தெரிந்த ஆள் நான் ஒருத்தன்.
ஃபோன் போட்டேன். அக்கா: "நாளைக்கு நலங்குக்கு அதத்தான் பூசப்போறா. தெருவே ஒன் பெருமையத்தான்டா பேசுது." "சரிக்கா" என்று ஃபோனை வைத்துவிட்டேன். கோழைப்பயல் நான்.

வியாழன்
முதல் பஸ். வழியெல்லாம் ஃபோன். யாரும் எடுக்கவில்லை. செக்கானூரணியில் பஸ் நின்றது நின்றபடி.
பந்தல், மேளம். கண்ணாடி முன்னால் செல்வி. டப்பா மூடி திறந்திருந்தது. விரல் படவில்லை, சாமி காப்பாற்றியது.
சொன்னேன். கொட்டியது தேனீ, நான் சொன்னது பொய் என்று.
ஒரே சிரிப்பு. "ஆரம்பிச்சுட்டாருய்யா! போன மாசம் சிறுத்தைய வெரட்டுனாரு, இன்னைக்குத் தேனீ!"
செல்வி: "நேரமாகுது, சும்மா இருங்க மாமா." விரலை நீட்டினாள்.
டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.
"குடுத்த சீரத் திருப்பி எடுக்குறான் பாரு!" சம்பந்தி வீட்டார் முன்னாடி. இதைவிடக் கேவலம் எங்கள் பக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு வராதே என்று அக்கா வாசலில் கத்தினாள்.
திரும்புகிற பஸ்ஸில் எழுதுகிறேன். டப்பா மடியில்.
இப்போது செல்வி ஃபோன். "மாமா, அன்னைக்கு மூச்சு இழுத்தப்ப யாரோ தூக்கிட்டு ஓடுனாங்க. பச்சச் சட்ட. நீங்களா?"
"ஆமா."
"எம்புட்டுத் தூரம்?"
பத்துக் கிலோமீட்டர் என்று வாய்வரைக்கும் வந்தது.
"ரெண்டு" என்றேன்.