சாம்பலைக் கேட்டு வந்த ரசிகர்கள்

பலேர்மோ,
மார்ச் 9

என் குஞ்சு அபிதாவுக்கு,

நீயும் மருமகன் தனேசும் வயிற்றில் இருக்கிற செல்லமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். என் சுகத்தைக் கேட்டால், காலையில் வேலைக்குப் போகிறேன், வந்து ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. இதெல்லாம் போனில் சொன்னால் நீ அழுவாய், எட்டாம் மாதத்தில் அழக்கூடாது, அதுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு வருகிற எழுத்து இவ்வளவுதான்.

அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை ரயில் ஸ்தாசியோனே பக்கத்து மண்டபத்தில் நடந்தது. ஐயரைக் கூப்பிட்டு நாலு பேருக்குச் சோறு கொடுப்போம் என்றுதான் நான் இருந்தேன். ஆனால் ஊரில் எல்லே விளையாடிய உன் அப்பாவுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறதாம். அவர் செத்த பிறகுதான் எனக்கே தெரியும், அவர் தெரியாமலே போய்விட்டார். 'எல்லே மன்னன் ஞானசேகரம்' என்று இரண்டு ஆள் உயரத்துக்குப் பதாகை, அப்பாவின் முகம் அடித்த ரீசேட்டோடு இருபது பேர். கொட்வின்தான் தலைவர். அவன் குனிந்து சாப்பிட்டதில் அப்பாவின் மூக்கில் சாம்பார் வடிந்தது, துடைக்கவும் இல்லை, அப்படியே போய் மைக்கைப் பிடித்தான். எண்பத்தாறாம் ஆண்டு அப்பா அடித்த பந்து குளத்தைத் தாண்டிப் போனதைத் தன் கண்ணால் கண்டானாம், சொல்லிச் சொல்லி அழுதான். அந்த வருசம் அவனுக்கு இரண்டு வயது. அடுத்துப் பேசியவன் அதே பந்தைக் கோயில் கோபுரத்துக்கு மேலால் விட்டான். இன்னும் இரண்டு பேர் பேசியிருந்தால் பந்து இராமேஸ்வரத்தில் விழுந்திருக்கும்.

போன கோடையில் இதே மன்னன் மொண்டெல்லோவில் கடற்கரைக் கதிரைகளை மடித்து அடுக்கினார். இதே கூட்டம் குடும்பத்தோடு குளிக்க வந்து, "அண்ணை, ஒரு குடை சும்மா விரிச்சு விடுங்கோவன்" என்று கேட்டு, நிழலில் கிடந்து தின்றுவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார், ஒரு ரீசேட்டும் எட்டிப் பார்க்கவில்லை. சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் ஆய்கிற அருளம்பலம் அண்ணை மட்டும் ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்தார். அப்பாவுக்குப் பந்து போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. எல்லேயில் அடிக்கிறவனுக்கு அவன் பக்கத்து ஆளே பந்து போடுவது, அவன் வாகாகப் போட்டால்தான் அடி விழும். அந்த மனுசனின் பெயரை மண்டபத்தில் ஒரு வாயும் சொல்லவில்லை. அவர் பின்னுக்கு நின்று எச்சில் தட்டு அடுக்கினார். நான் வேலை செய்கிற வீட்டுச் சினியோராவும் அந்த ரசிகர் கூட்டம் போலத்தான். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு இடம் சுற்றி ஓடுகிற விளையாட்டு என்று விளக்கினேன், "ஆ, பேஸ்பால்!" என்று சொல்லி, பத்து வருசத்தில் முதல் தடவையாக எனக்குக் கோப்பி போட்டுத் தந்தாள். செத்தவனின் பெண்சாதிக்குத்தான் கோப்பி.

அதோடு விட்டார்களா? கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தார்கள். முப்பத்தொன்றுக்குப் புத்தகம் அடிக்கிறது வழக்கம், தேவாரமும் படமும் இருக்கும் என்று திறந்தேன். கடைசிப் பக்கத்தில், வீரனின் சாம்பல் அவர் விளையாடிய முள்ளியவளை மைதானத்தில் தூவப்படும், மன்றச் செயலாளர் றொஜர் கொண்டு போகிறார், இன்ன திகதி, இன்ன நேரம் என்று அடித்திருக்கிறார்கள். இருநூறு புத்தகமும் கொடுத்து முடித்த பிறகு மூன்று பேர் கைகட்டிக்கொண்டு வந்து என்னிடம் சாம்பலைக் கேட்டார்கள். தரமாட்டேன் என்றேன். என் மகள் பிள்ளை பெற்று எழும்பி ஆவணியில் வருவாள், அவள் கையால் கடலில் கரைப்போம், அதுவரைக்கும் நகரசபைக் கொமூனே தந்த கடதாசியோடு என் அலுமாரியில் இருக்கும் என்றேன். கொட்வின் தலையைச் சொறிந்தபடி, "அன்ரி, அச்சடிச்சாச்சு, இனி மாத்தேலாது" என்கிறான். "அப்ப அந்தப் புத்தகங்களைக் கொளுத்து தம்பி, அந்தச் சாம்பலைக் கொண்டுபோய்த் தூவு" என்றேன். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "நீங்கள் அவர் விளையாடி ஒருநாளும் பாக்கேல்லை அன்ரி, உங்களுக்கு அவரின்ரை அருமை விளங்காது" என்றான். அந்தப் பொய்யன் வாயில் வந்த ஒரேயொரு உண்மை அதுதான். நான் சாவகச்சேரியிலிருந்து கலியாணம் முடித்து வரும்போது அப்பாவின் முழங்கால் போய் ஆறு வருசம்.

இப்போது உன் நம்பரைத் தேடித் திரிகிறார்கள். மகள் ஓம் என்றால் தாய் மடங்குவாள் என்று நினைப்பு. றொஜர் போன் எடுத்தால் மைதானத்தில் சிலை வைப்போம் என்பான், பிறந்த மண் என்பான், அழுவான். இரங்காதே. நாளைக்குப் பெடியள் சப்பாத்தோடு மிதிக்கிற இடத்தில் உன் அப்பாவைக் கொட்ட விடாதே. அம்மாவிடம் கேளுங்கோ என்றுகூடச் சொல்லாதே, மாட்டேன் என்றே சொல். கால் வீங்கினால் உப்பைக் குறை. பனியில் வெளியே திரியாதே. சுகமாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையோடு என்னிடம் வந்து சேர், என் ஆயுசும் உனக்கே.

உன் அம்மா,
கனகேஸ்வரி

பெயரை எழுதிய பிறகும் மனம் ஆறவில்லை பிள்ளை. அன்றைக்குச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அருளம்பலம் அண்ணைதான் பஸ் வரைக்கும் வந்தார். உண்மையிலேயே அப்படி அடித்தவரோ என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "குளமும் தாண்டேல்லை, கோபுரமும் தாண்டேல்லைத் தங்கச்சி, ஒரு பனை உயரம் போச்சுது. ஆனா அடிச்சிட்டு ஓடேக்கை மனுசன் சத்தம் போட்டுச் சிரிக்கும், நாலு இடமும் சுத்தி முடியுமட்டும் நிக்காது" என்றார். முப்பது வருசம் ஒரே பாயில் படுத்தவள் நான், வாயைக் கையால் பொத்திச் சிரிக்கிற மனுசனைத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை அவர் எங்கே விட்டுவிட்டு என்னிடம் வந்தார், குஞ்சு?